தருமலிங்கத்தின் பிரிவில் அரசாங்கம் யார்?

1

இலங்கை சுதந்திரம் பெற்றதன் பொன்விழா அணிவகுப்பை இங்கு ரொறன்ரோத் தொலைக்காட்சிச் செய்தியில் சில விநாடிகள் காட்டினார்கள். வெள்ளை உடுத்த அமைச்சர்கள் மேடை நிழலில் வீற்றிருக்க, துப்பாக்கி தாங்கிய படையினர் வெயிலில் அவர்களுக்கு மரியாதை செலுத்திச் சென்றனர். குடிமக்களின் ஆட்சிக்குப் படை தலைவணங்குகிறது என்பதே அக்காட்சியின் பொருளாக இருக்கவேண்டும். நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு றிமோட்டை எறிந்தேன். அதன் பற்றரி மூடி கழன்று சோபாவுக்கு அடியில் போயிற்று. அதைத் தேடி எடுக்க என் மனைவிதான் குனிய வேண்டியிருந்தது.

மறுநாள் தருமலிங்கத்துக்கு அகதி விசாரணை. ஆகவே அன்றைக்கு என் கோபத்தை அவ்வளவோடு அடக்கிக்கொண்டேன். இப்போது அடக்கவேண்டிய அவசியமில்லை.

தாயகத்திலிருந்து இதனை வாசிக்கும் அன்பர்கள் முதலில் ஒன்றை அறிய வேண்டும். தருமலிங்கம் என் மனைவியின் தம்பி. அது அவருடைய உண்மைப் பெயரன்று. அவர் சேவையாற்றிய ஊரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அங்கே அவரோடு பணிபுரிந்தவர்கள் சிலர் இன்னும் தத்தம் உத்தியோகக் கதிரையில் இருக்கிறார்கள். அக்கதிரைகளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் விடயமாகையால் பெயர்களைத் தவிர்ப்பது கடமையாகிறது.

நான் பட்டம் பெற்றவனல்லன். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியொன்றில் எழுதுவினைஞனாக இருந்தவன். பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்ட இடத்திலிருந்து கச்சேரிக் கோவைகளும் பொது நூலகங்களும் என்னைப் படிப்பித்தன. ரொறன்ரோவுக்கு வந்தபின் ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளியாக வேலை செய்தேன். கச்சேரியில் நான் பேனாவோடு இருந்தபோது என் சொல்லைக் கேளாதவர்கள் அநேகர். இங்கே தோளில் பட்டி வைத்த நீலச் சட்டையை அணிந்தவுடன் வெள்ளைக்காரச் சாரதிகள்கூட நான் கையைக் காட்டிய இடத்தில் லொறியை நிறுத்தினார்கள். அதிகாரத்தைப் பற்றி எழுத எனக்குள்ள தகைமை இவ்வளவுதான்.

2

தருமலிங்கம் கிராம சேவையாளர். முற்காலத்து விதானைப் பதவியின் இன்றைய வடிவம் அது. சனங்கள் இன்றும் 'விதானையார்' என்றே சொல்வதுண்டு. ஒருவன் இன்ன ஊரவன் என்பதற்கும், நல்லவன் என்பதற்கும், இறந்துவிட்டான் என்பதற்கும் முதலில் கையொப்பமிடுபவர் அவரே. அவருக்கு மேலே உதவி அரசாங்க அதிபர். அந்தப் பதவிக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் எம்மவர் வாயில் அது என்றும் ஏ.ஜி.ஏ.தான்.

சென்ற இலையுதிர் காலத்தில் அவர் இங்கு வந்து சேர்ந்தார். வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் மாடிக் குடியிருப்பின் முன்னறைச் சோபாவில் படுக்கிறார். காலையில் நாங்கள் எழும்பும்போது போர்வை மடிக்கப்பட்டிருக்கும். முகம் வழித்து, நீளக்கைச் சட்டையின் பைக்குள் பேனாவைச் செருகிக்கொண்டு யன்னலருகே அமர்ந்திருப்பார். போகவேண்டிய இடம் ஒன்றுமில்லை. ஆயினும் கந்தோர் தொடங்கும் நேரத்துக்கு ஆயத்தமாகிவிடுவார். உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் பழுதென்று கட்டட மேற்பார்வையாளருக்கு அவர் எழுதிய ஆங்கில முறைப்பாட்டில் 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று முடிவில் கண்டபோது என் மகள் சுபா சிரித்தாள். ஆனால் இயந்திரம் திருத்தப்பட்டது. அதன்பின் எங்கள் மாடியிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் கிராம சேவையாளரின் ஆங்கிலச் சுருக்கத்தால் அவரை 'ஜி.எஸ். ஐயா' என்று அழைக்கத் தொடங்கின. அவரும் அதை மறுக்கவில்லை.

அவருடைய மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வவுனியாவில் ஒரு வாடகை அறைக்குள் இருக்கிறார்கள். இங்கே அவர் அகதியென்று ஏற்கப்பட்டால் அவர்களை அழைக்கலாம். ஏற்கப்படாவிட்டால் அவரைக் கொழும்புக்கு விமானமேற்றுவார்கள். இறங்குமிடத்திலேயே யாரோ காத்திருப்பார்கள். விசாரணையின் முடிவில் தங்கியிருந்தது இதுதான்.

அவருடைய கிராம சேவையாளர் பிரிவு படையினர் வசமானபின் அங்கே நடந்த நிர்வாகத்தை அன்பர்கள் என்னிலும் நன்கறிவார்கள். கச்சேரி திறந்திருந்தது. ஏ.ஜி.ஏ. கந்தோர் திறந்திருந்தது. தருமலிங்கத்தின் மேசையும் முத்திரையும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒருவர் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியேற விரும்பினால் அவருடைய பாஸ் விண்ணப்பத்தில் தருமலிங்கம் கையொப்பமிடுவார், அதை ஏ.ஜி.ஏ. உறுதிப்படுத்துவார். பின்பு அது படைமுகாமுக்குப் போகும். முகாமில் அதைக் கையேற்கும் கொட்டிலுக்கு என்ன பெயர் தெரியுமா? 'சிவில் அலுவலகம்.' அங்கே சிவில் உடையில் ஒருவரும் இல்லை. கையொப்பங்கள் இரண்டையும் பாராமலே 'இல்லை' என்று சொல்லும் உரிமை அந்தக் கொட்டிலில் இருந்தவருக்கு இருந்தது. 'சிவில்' என்ற பெயரைக்கூட எங்களுக்கு விட்டுவைக்கவில்லை.

3

விசாரணை நகரின் நடுவே ஓர் உயர்ந்த கட்டடத்தில் நடந்தது. நீண்ட மேசையின் ஒருபுறம் அகதிச் சபையினர் இருவர். தலைமை வகித்தவர் நரைத்த தலையுடைய ஓர் அம்மையார்; மரியாதையாகவே நடந்துகொண்டார். மறுபுறம் தருமலிங்கமும் அவருடைய சட்டத்தரணியும். நடுவில் மொழிபெயர்ப்பாளராக எம்மவருள் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை. சுபாவின் வயதுதான் இருக்கும். நானும் சுபாவும் பார்வையாளராகப் பின்னால் அமர அனுமதிக்கப்பட்டோம்.

தருமலிங்கம் என்னுடைய கோட்டை அணிந்திருந்தார். அவரைப் பெயர் சொல்லும்படி கேட்டபோது எழுந்து நின்று பெயரையும் பதவியையும் தரத்தையும் சொன்னார். இருக்கச் சொன்னார்கள். இருந்தார். ஆனால் அடுத்த வினாவுக்கும் எழுந்தார்.

படையினர் வந்தபின்னும் சிவில் நிர்வாகம் இயங்கியதா என்று அம்மையார் கேட்டார். தருமலிங்கத்தின் முகம் மலர்ந்ததைப் பின்னாலிருந்தே என்னால் உணர முடிந்தது. ஒருநாளேனும் தன் கந்தோர் பூட்டப்படவில்லை என்றார். ஷெல் விழுந்த நாட்களிலும் நிவாரண அரிசி பங்கிடப்பட்டது என்றார். தன்மீது ஒரு முறைப்பாடுகூட வந்ததில்லை என்றார். அத்தோடும் நிற்கவில்லை.

"என்ரை பிரிவிலை நான்தான் அரசாங்கம்" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். பிழையில்லாத மொழிபெயர்ப்பு. அம்மையார் அதை எழுதிக்கொண்டார்.

அப்படியானால் படையினரால் தீங்கு நேர்ந்தால் முறையிடுவதற்கு மேலதிகாரி ஒருவர் இருந்தார் அல்லவா என்று மற்றவர் வினவினார். ஓம் என்றார் தருமலிங்கம். ஏ.ஜி.ஏ. மிகவும் நல்ல மனிதர், எப்பொழுது சென்றாலும் கதிரை தந்து இருத்தித்தான் பேசுவார், சொன்னதை ஆறுதலாகக் கேட்பார் என்றெல்லாம் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியையும் அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

எம்மவரை அறிந்தோருக்கு இது புதுமையன்று. மேசைக்கு அப்பால் நாலுபேர் கோப்போடு இருந்துவிட்டால் அது பதவி உயர்வுக்கான நேர்முகம் என்று எமது உத்தியோகத்தரின் எலும்புக்குள் எழுதியிருக்கிறது. சேவையின் சிறப்பைச் சொல்லவேண்டும். மேலதிகாரியைக் குறைகூறக் கூடாது. பட்ட துன்பத்தை எடுத்துரைப்பது உத்தியோகத்துக்கு அழகல்ல. தருமலிங்கம் அந்த நேர்முகத்தில் அன்று முதலாவதாகத் தேறியிருப்பார்.

நேரம் போதாமையால் விசாரணை வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. வெளியே வந்ததும் சட்டத்தரணி என்னைத் தனியே அழைத்தார். அரசு தன்னைக் காக்கவில்லை என்று நிரூபிக்கவேண்டியவர், தானே அரசு என்று சொல்லிவிட்டார்; இனி இதை எப்படி மீட்பது என்று கேட்டார்.

காரில் சுபாதான் முதலில் வாய் திறந்தாள்.

"மாமா, இது ஜொப் இன்ரர்வியூ இல்லை. நீங்க உங்கட ரெசுமேயைச் சொல்லிக்கொண்டு நிக்கிறீங்க. அவைக்கு வேணுமெண்டது வேற ஸ்ரோறி."

"நான் ஸ்ரோறி சொல்லப் போகேல்லைப் பிள்ளை" என்றார் தருமலிங்கம். "கேட்டதுக்கு மறுமொழி சொன்னனான்."

"மறுமொழி சொல்லி பிளேன் ஏறப்போறீங்க."

நான் அவளை அதட்டினேன். ஆனால் என் கோபம் அவள்மீதன்று என்பதை அவளும் அறிவாள். இங்கு வளர்ந்த எம் பிள்ளைகளுக்கு வாழ்க்கை என்பது கதவுகள். எந்தக் கதவு எந்தச் சொல்லுக்குத் திறக்கும் என்று அவர்கள் பழகிவிட்டார்கள். அதில் உள்ள கெட்டித்தனத்தை மெச்சுகிறேன். ஆனாலும் சில இடங்களில் அது எனக்கு வயிற்றெரிச்சலாகவே இருக்கிறது.

4

அடுத்த விசாரணைத் தவணை வரும்வரை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நூலகத்துக்குப் போய்வந்தேன். சிவில் அதிகாரம், இராணுவ அதிகாரம் என்ற இந்த இரட்டை மாட்டு வண்டியை யார் முதலில் பூட்டினார்கள் என்று பார்க்க விரும்பினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பவன் நான். ஆதலால் பிழை இருப்பின் அறிஞர்கள் பொறுப்பார்களாக.

கடல்கடந்து நாடு பிடித்த அனைவருக்கும் இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. ஒல்லாந்தர் வியாபாரக் கம்பனியாக வந்தார்கள். ஆயினும் யாழ்ப்பாணத்தில் இருந்த அவர்களின் தலைமை வியாபாரிக்குக் 'கொமாந்தர்', அதாவது தளபதி, என்பது பதவிப் பெயர். கணக்குப் புத்தகம் அவர் மேசையில், பீரங்கி கோட்டை மதிலில். ஆங்கிலேயர் வந்தபோது படை முன்னால் வந்தது, வரிசேர்ப்பவர் பின்னால் வந்தார். பின்பு முடிக்குரிய குடியேற்ற நாடென்று பிரகடனம் செய்து, சிவில் சேவையை நிறுவி, 'ஏஜண்டர்' எனப்பட்ட அரசாங்க அதிபர்களை நியமித்தார்கள். ஆளுநர் பெரியவரா, படைத்தளபதி பெரியவரா என்று அவர்கள் தமக்குள் இலண்டனுக்குக் கடிதம் கடிதமாக எழுதிச் சண்டையிட்டார்கள். அந்த ஆளுநர்களில் எத்தனை பேர் தாமே படைத்தலைவர்களாய் இருந்தவர்கள் என்று பார்த்தால் சண்டையின் தன்மை விளங்கும். இரண்டு தொப்பிகளும் ஒரே தலைக்குத்தான் தைக்கப்பட்டன. நாட்டில் சலசலப்பு வந்த போதெல்லாம் சிவில் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார்கள். முதலாம் உலகப் போர்க்காலத்துக் கலவரத்தில் சாதாரண குடிமக்கள் படை நீதிமன்றின் ஆணையால் சுடப்பட்டார்கள். கச்சேரி அன்றும் திறந்துதான் இருந்திருக்கும்.

வோபர்னில் வசிக்கும் சவரிமுத்து மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். மன்னாரில் சரித்திரம் படிப்பித்தவர். நூலகத்துக்கு எதிரிலுள்ள கோப்பிக் கடையில் சந்திப்பது எங்கள் வழக்கம்.

"வெள்ளைக்காரன் இருக்கேக்கை ஊருக்குள்ளை ஒரு ஆமிக்காரனைக் கண்டனீரோ?" என்று கேட்டார். "ஏஜண்டர் துரை ஒரு தடியோடை குதிரையிலை வருவாராம். அவ்வளவுதான். அதுக்குப் பேர்தான் சிவில் ஆட்சி. எங்கடையள் வந்துதான் பழுதாக்கினது."

அந்தத் தடிக்கு ஏன் அவ்வளவு வலிமை வந்தது என்று கேட்டேன். துறைமுகத்தில் போர்க்கப்பல் நின்றபடியால் வந்தது என்று நானே சொன்னேன். கப்பலைக் காட்டாமலே காரியம் நடந்தபடியால் எங்கள் முன்னோர் அதைக் காணவில்லை. காணாததை இல்லையென்று சரித்திரம் படிப்பித்தவரே சொன்னால் பிள்ளைகளின் கதி என்ன?

"உமக்கு வெள்ளைக்காரனைத் திட்டாமல் கோப்பி இறங்காது" என்று சொல்லி அவர் எனக்கு டோநட்டில் பாதியைத் தந்தார்.

அது என்னைச் சாந்தப்படுத்தவில்லை. ஏனெனில் அதே நூலகத்தில் இந்த நாட்டைப் பற்றியும் வாசித்திருந்தேன். பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்தபின் ஆங்கிலத் தளபதிகள் இங்கும் சில காலம் நேரடியாக ஆண்டு, பின்னரே சிவில் ஆட்சியை நிறுவியிருக்கிறார்கள். நாங்கள் தோசைமா வாங்கப் போகும் பஸ் குறுக்கே கடக்கும் யங் வீதி, படை நகர்வதற்காக வெட்டப்பட்ட பாதை. இவை கிடக்கட்டும். மேற்குச் சமவெளியில் ஒரு கிளர்ச்சியை அடக்கிய பின்பு, பூர்வீகக் குடிகள் தமக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைவிட்டு வெளியே போவதற்குப் பாஸ் எடுக்கவேண்டும் என்று விதித்தார்களாம். பாஸ் கொடுத்தவர் படைவீரரல்லர்; ஏஜண்டர் என்ற சிவில் உத்தியோகத்தர். பாஸ் இல்லாமல் அகப்பட்டவரைப் பிடித்துத் திருப்பி அனுப்புவதற்குத் துவக்கும் தோட்டாவும் ஏந்திய பொலிசார். அதற்குச் சட்டப் புத்தகத்தில் இடமே இருக்கவில்லையாம். சட்டம் இல்லாமலே பல்லாண்டுகள் நடந்தது.

தருமலிங்கம் கையொப்பமிட்ட அதே பாஸ். அந்த நீண்ட மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையாருக்கு இது தெரியாதா? தெரியாமலிருக்க அவருக்கு என்ன உரிமை? தன் சொந்த நாட்டில் ஒரு சிவில் ஏஜண்டரின் கையொப்பம் எதற்கு மூடுதிரையாக இருந்ததென்று அறிந்த ஒருவர், 'சிவில் நிர்வாகம் இயங்கியதா?' என்று ஒரு வசனத்தில் கேட்டு, 'ஓம்' என்ற ஒரு சொல்லை எழுதிக்கொண்டு போக முடியுமா? இதைச் சபைக்கு எழுதி அனுப்புகிறேன் என்று சட்டத்தரணியிடம் தொலைபேசியில் சொன்னேன். இது சரித்திர வகுப்பல்ல என்று அவர் பதில் சொன்னார். அவருடைய குரலில் இரக்கம் இருந்தது. அதனால் மேலும் கோபம் வந்தது.

5

தருமலிங்கம் சபையில் சொல்லாமல் விட்டதை என் மனைவி ஒரு சனிக்கிழமை மதியம் வெளியே எடுத்தாள். சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "உன்னை அடிச்சவங்களோ?" என்று கேட்டாள். நாங்கள் எவரும் அதுவரை அப்படி நேரே கேட்டதில்லை.

இல்லை என்றார். சோற்றைப் பிசைந்தபடி, அடிக்கவில்லை என்றார்; பின்பு நடந்ததைச் சொன்னார்.

அவருடைய பிரிவைச் சேர்ந்த மூன்று இளைஞர்களை படையினர் 'சென்றி' எனப்படும் காவலரணொன்றில் மறித்து இறக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். பெற்றோர் விதானையாரிடம் வந்தார்கள். அவர் முகாமுக்குப் போனார். ஏ.ஜி.ஏ. கேட்டால்தான் சொல்லலாம் என்றார்கள். ஏ.ஜி.ஏ. கேட்டார். அப்படி எவரும் எம்மிடம் இல்லை என்று பதில் வந்தது. தருமலிங்கம் மறுபடியும் போனார். அதன் பின்னும் போனார்.

ஒருநாள் வாசலில் நின்ற சிப்பாய் அவருடைய பையைச் சோதித்து முத்திரையை எடுத்தான். இருபது வயதுகூட இராதாம். அவரை முழங்காலில் இருத்தி, முத்திரையை மைப்பெட்டியில் தோய்த்து, நெற்றியில் குத்தினான். நன்றாகப் பதியவில்லை என்று இரண்டாம் முறையும் குத்தினான். பாஸுக்காக வரிசையில் நின்ற சனங்கள் அனைவரும் அவருடைய பிரிவுச் சனங்கள். அவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அவர் நெற்றியைத் துடைக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு கந்தோருக்குத் திரும்பினார். துடைத்தால் திருப்பிக் கூப்பிடுவான் என்று பயம்.

"அண்டு பின்னேரம் ஏ.ஜி.ஏ. ஆள் அனுப்பிக் கூப்பிட்டவர்" என்றார் தருமலிங்கம். "கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னார், 'தருமலிங்கம், உம்மைத் தேடுறாங்கள். என்னாலை உம்மைக் காப்பாற்ற ஏலாது. போம்' எண்டு. அந்த மனிசன் அழுதது, அக்கா."

இதை ஏன் சபையில் சொல்லவில்லை என்று நான் கத்திவிட்டேன். அவருக்கும் கோபம் வந்தது. ஏ.ஜி.ஏ. இன்னும் அங்கேதான் இருக்கிறார். தன்னைத் தப்பவைத்தவரின் பெயரை வெளிநாட்டுக் கடதாசியில் ஏற்றச் சொல்கிறீர்களா என்றார். பின்பு குரலைத் தாழ்த்தினார்.

"அதோடை, அந்த மொழிபெயர்க்கிற பிள்ளைக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? எங்கடை பிள்ளை. அவள் அதைத் தன்ர வாயாலை திருப்பிச் சொல்லவேணும் எல்லே."

மனைவி எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை.

6

ஏ.ஜி.ஏ.யின் பெயரையும் இடத்தையும் சொல்லாமலே சம்பவத்தைச் சொல்லலாம் என்று சட்டத்தரணி வழி கண்டார். இரண்டாந் தவணையிலும் அதே மொழிபெயர்ப்பாளப் பெண்தான் வந்தாள். வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்றார் சட்டத்தரணி. தருமலிங்கம் வேண்டாம் என்றார்.

இம்முறை அவர் எழுந்து நிற்கவில்லை. மூன்று இளைஞர்களைப் பற்றிச் சொன்னார். முகாம் வாசலைப் பற்றிச் சொன்னார். முத்திரை என்ற இடத்தில் நிறுத்தி அந்தப் பெண்ணைப் பார்த்து, "மன்னிக்க வேணும், பிள்ளை" என்றார். அதையும் மொழிபெயர்ப்பதா என்று தெரியாமல் அவள் அம்மையாரைப் பார்த்தாள். பின்பு தருமலிங்கம் மிகுதியைச் சொன்னார். அவள் தன் குரல் மாறாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். முடித்தபின் தண்ணீர் கேட்டாள்.

அம்மையார் பழைய தவணையின் குறிப்பைப் புரட்டினார். முன்பு உங்கள் பிரிவில் நீங்களே அரசாங்கம் என்று கூறினீர்கள். இப்போது கூறுவதோடு அது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஒரு மனிதனின் ஆயுட்கால உத்தியோகத்தை அவன் வாயாலேயே அழிக்கச் சொல்லும் கேள்வியும் அதுவே.

சட்டத்தரணி பேனாவை மேசையில் வைத்தார்.

"பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றார் தருமலிங்கம். "சென்றியிலை நிண்ட பெடியன்தான் அரசாங்கம். நான் ஒண்டுமில்லை. ஏ.ஜி.ஏ.யும் ஒண்டுமில்லை. எங்களைச் சும்மா வைச்சிருந்தவங்கள்."

சபையினர் எழுந்து உள்ளே போய்ச் சிறிது நேரத்தில் திரும்பினார்கள். ஏற்றுக்கொள்வதாக அங்கேயே அறிவித்தார்கள். அம்மையார் புன்னகையோடு கனடாவுக்கு நல்வரவு என்றார். சுபா மாமாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். "யூ டிட் இற், மாமா" என்றாள். தருமலிங்கம் சபையினருக்குத் தலையைக் குனிந்து நன்றி சொன்னார். நானும் சொன்னேன். சொல்லும்போது என் பற்கள் ஒன்றோடொன்று இறுகியிருந்தன என்பதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

வீட்டுக்கு வந்ததும் தருமலிங்கம் வவுனியாவிலுள்ள கடையொன்றின் தொலைபேசிக்கு அழைத்து, மனைவியைக் கூப்பிட்டு வரும்படி சொன்னார். அவள் மறுமுனைக்கு வரும்வரை அவர் காத்திருந்தபோது முன்னறையை அவரிடம் விட்டுவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.

7

ஒரு கிழமை கழித்து இக்கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது இதன் முடிவு வேறு விதமாக இருந்தது. ஒல்லாந்தர் காலம் முதல் இன்றுவரை சிவில் உத்தியோகத்தன் என்பவன் துவக்கின்மேல் போர்த்த வேட்டியே தவிர வேறல்லன் என்று எழுதியிருந்தேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதென்று எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

கைகளை முழங்காலில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்த தருமலிங்கம் தலையை நிமிர்த்தினார்.

"உந்த வசனத்தை வெட்டுங்கோ, அத்தான்."

நீர்தானே சபையில் அப்படிச் சொன்னீர் என்றேன். அவர் எழுந்தார். எங்கள் வீட்டில் அவர் அவ்வளவு குரலை உயர்த்தியது அன்றுதான்.

"ஆமி வந்த பிறகும் நான் கந்தோரைத் திறந்தனான். திறந்தபடியாத்தான் சனத்துக்கு அரிசி வந்தது. செத்தது ஆரெண்டு சொல்ல ஒராள் இருந்தது. அந்த மூண்டு பெடியளையும் எங்கை எண்டு போய்க் கேக்க ஒராள் இருந்தது. துவக்கு வைச்சிருந்தவன் கேட்டவனே? இஞ்சை இருந்து புத்தகம் வாசிக்கிற நீங்கள் கேட்டனீங்களே? முத்திரை குத்தின பிறகும் நான் திருப்பிப் போயிருப்பன், ஏ.ஜி.ஏ. மறிச்சிராட்டில்."

மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். தருமலிங்கம் அவளைக் கண்டதும் சோபாவில் அமர்ந்தார். நான் கடதாசியை மடித்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் வாசித்தவனுக்கு அது பெரிய அவமானம். அதுவும் நியாயமான அவமானம்.

"நான் ஒண்டுமில்லை எண்டு அவையளுக்குச் சொன்னன் எல்லே, அத்தான்" என்றார் தருமலிங்கம். "ரண்டு நாளும் நான் சொன்ன பொய் அது ஒண்டுதான்."

மற்றவை அனைத்தையும் சபையினர் ஐயத்தோடு துருவித் துருவிக் கேட்டார்கள். அந்த ஒன்றை மட்டும் மறுகேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.